இரண்டாவது ஹன்னா

“எங்கட சனத்தின்ர செத்த வீட்டுக்கே போக நேரமில்லை. நீ இருநூறு வருசத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரரைத் தேடப் போறியோ? அதுகளின்ர எழுத்து உனக்கு விளங்குமோடி?”

எங்கள் சின்னம்மா லண்டனில் தன்னுடைய ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினியில் நின்று, கையில் வெங்காயத்தோடு கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. “விளங்கும்” என்றேன். விளங்குமா என்று எனக்கே தெரியாது. ஆனால் சின்னம்மாவிடம் தெரியாது என்று சொல்லி மீண்டவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை.

சென்ற வாரம், அந்த வயதில் என்னை வேலைக்கு எடுத்த மிஸ்டர் பெல் தொலைபேசியில் கூப்பிட்டார். கந்தோரை மூடப்போகிறாராம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போ என்றார். நான் போனபோது அந்தப் பழைய பிலிம் பார்க்கும் இயந்திரம் இன்னும் மேசையில் இருந்தது. சும்மா ஒருமுறை ஆளியைப் போட்டுப் பார்த்தேன். விளக்குச் சூடேறித் தூசி கருகும் மணம் வந்தது. தோசைக்கல்லைக் கழுவாமல் அடுப்பில் வைத்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த மணம். நாலு வருடம் என் தலைமயிரிலும் கம்பளிச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு மோர்டனில் எங்கள் வீடு வரைக்கும் ரயிலில் கூட வந்த மணம். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். மணம் மூக்கில் ஏறியதும் பாதி வருடங்கள் கழன்று விழும்.

மிஸ்டர் பெல்லின் தொழில் இதுதான்: அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள், தங்கள் பூட்டன் பூட்டி லண்டனில் எந்த வீதியில், யாருக்குப் பிறந்தார்கள் என்று கண்டுபிடித்துத் தரச்சொல்லி எழுதுவார்கள். பழைய கோவில்களின் ஞானஸ்நான, கலியாண, அடக்கப் புத்தகங்களெல்லாம் பிலிம் சுருள்களில் இருக்கும். அவற்றைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கண்டதைச் சீட்டில் எழுதி, கடைசியில் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். மிஸ்டர் பெல்லுக்குக் கண்ணில் புரை. அதனால்தான் ஆள் தேடினார்.

நேர்முகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எனக்கு முன் வந்திருந்த இரண்டு ஆங்கிலப் பிள்ளைகள் ஊகித்து ஊகித்து வாசித்துப் பிழைவிட்டிருந்தார்களாம். நான் ஊகிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் லண்டனுக்கு வந்து, ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் படித்தவள். எனக்கு எல்லா ஆங்கிலமும் பழைய ஆங்கிலம்தான். எழுத்தை எழுத்தாகப் பார்த்து வாசித்தேன். மிஸ்டர் பெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “திங்கட்கிழமை வர முடியுமா?” என்றார்.

இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்தி. அப்பா மன்னாரில் இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா, மாதா திருநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்ட நாட்களில் மட்டும் அதன் வாசலை மிதித்தவர். உள்துறை அலுவலகத்தின் அகதி விண்ணப்பத்தில் அம்மா பெருவிரலைப் பதித்தபோது நான்தான் பக்கத்தில் நின்று மைத்துணியைப் பிடித்திருந்தேன். நாங்கள் யார் என்பதற்கு அன்று எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி, எங்கள் பங்குச் சுவாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்த துண்டுகள். ஆகவே கோவில் புத்தகத்தில் ஒரு வரி என்றால் என்ன பெறுமதி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வருடம், ஒஹாயோவில் இருந்து மிஸிஸ் கிரேடி என்ற ஒரு அம்மாளின் கடிதம் வந்தது. பன்னிரண்டு பக்கம், தட்டச்சு. அவருடைய பூட்டியின் பூட்டி ஹன்னா. லண்டனில் ஆற்றங்கரையில் பிறந்து, பதினேழு வயதில் வேலைக்காரியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே ஒருவரைக் கட்டி, மலைகளைத் தாண்டிக் காட்டுக்குள் போனவள். பொதிக்குதிரையில் நூல் நூற்கும் ராட்டினத்தைக் கட்டி, கைப்பிள்ளையைத் தான் சுமந்துகொண்டு நடந்தாளாம். புருசன் உப்புக் கொண்டுவரப் போய் ஆறு கிழமை வராமல் இருந்தபோது, நெருப்பு அணைந்துவிடக் கூடாது என்று இருந்த இடத்திலேயே தூங்கினாளாம். மரத்தை வெட்டி வீடு கட்டினார்கள், சோளம் போட்டார்கள், ஒன்பது பிள்ளைகள்.

“காலியாகக் கிடந்த நிலம்” என்று மிஸிஸ் கிரேடி எழுதியிருந்தார். ஆளில்லாத ஊர் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஊர் ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றும். நாங்களும் ஒரு ஊரை ஆளில்லாமல் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. ஆனால் அதை அறிக்கையில் எழுத முடியாது. மிஸிஸ் கிரேடி கேட்டது வேறு. ஹன்னாவின் கல்லறையில் இருந்த மரச்சிலுவை உக்கிப்போய் நூறு வருடம். அடுத்த கோடையில் குடும்பம் முழுவதும் கூடிக் கல் வைக்கப் போகிறார்கள். கல்லின் முன்பக்கம் ஹன்னாவின் பெயரும் அவளுடைய தாய் தகப்பன் பெயரும். பின்பக்கம் பிள்ளைகள். குடும்ப வேதாகமத்தின் ஒரு கிழிந்த தாளில் “தகப்பன் தாமஸ், கயிறு திரிப்பவர், தாய் ஆன்” என்று இருக்கிறது. அது சரிதானா, தாய் எந்தக் குடும்பம் என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

கயிறு என்றதும் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது, கப்பலுக்குக் கயிறு திரித்தவர்கள் ஆற்றோரம் வொப்பிங் பக்கம்தான் இருந்தார்கள். வொப்பிங் பக்கத்துக் கோவில் ஒன்றில் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். ஹன்னா, தகப்பன் தாமஸ், கயிறு திரிப்பவர், தாய் ஆன். துள்ளாத குறை. அடுத்த சுருளில் அடக்கப் புத்தகம். அதில் இரண்டு வருடம் கழித்து அதே ஹன்னா, தாமஸின் மகள், வயது இரண்டு.

செத்துவிட்டாள். அவ்வளவுதான். இரண்டு வயதில் செத்தவள் எப்படிக் காட்டை வெட்டுவாள்?

நான் தேடுவதை அங்கே நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கோவிலுக்குப் போனேன். அங்கே ஏறக்குறைய அதே வயதில் இன்னொரு ஹன்னா இருந்தாள். ரொட்டி சுடுபவரின் மகள், தாய் எலிசபெத். அடக்கம் இல்லை. இவள்தான் என்று எழுதினேன். “குடும்பக் கதைகளில் காலப்போக்கில் பிழைகள் நுழைவது இயல்பு” என்று ஒரு வசனமும் சேர்த்தேன். அந்த வசனத்தை எழுதி முடித்துத் திரும்பத் திரும்ப வாசித்தது ஞாபகம் இருக்கிறது. மிஸ்டர் பெல்லுக்கும் பிடித்துவிட்டது. “இந்த அறிக்கையில் நீயே கையெழுத்துப் போடு” என்றார். அதுதான் முதல் தடவை. என் பெயரும் அப்பாவின் பெயரும் இரண்டும் புனிதர்களுடையவை. மிஸிஸ் கிரேடி என்னை ஆங்கிலேயப் பெண் என்று நினைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டது. பெயர் றோசா. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் வராது. மோர்டனில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெயர். அம்மாவுக்கு அவள் ஏழு வருடமாக “பக்கத்து வீட்டுப் பிள்ளை”தான். நான் பிறந்த மூன்றாம் நாள் என்னை ஒரு சுளகில் கிடத்தி அயல்வீட்டு மனிசியிடம் கொடுத்து, பிறகு ஒரு கொத்துத் தவிட்டுக்கு வாங்கினார்களாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைச் சாவு எட்டிப் பார்க்காது, அது யாருடைய பிள்ளை என்று சாவுக்குக் குழம்பிவிடும். அதனால் ஞானஸ்நானப் பெயர் என்னவாக இருந்தாலும் வீட்டில் நான் பிச்சை. லண்டனில் கையில் தோல்பையோடு வேலைக்குப் போகும்போதும் “பிச்சை, குடையை எடுத்தியே?” என்று அம்மா பஸ் தரிப்புவரை கேட்கக் கூப்பிடுவார்.

செத்த பிள்ளையின் பெயரிலிருந்து அடுத்த பிள்ளையை இவ்வளவு தூரம் ஒளித்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அடக்கப் புத்தகத்தில் ஒரு ஹன்னாவைக் கண்ட பிறகு அதே வீட்டில் இன்னொரு ஹன்னாவைத் தேடவேண்டும் என்று என் புத்திக்கு எப்படி எட்டும்?

எட்டியது அடுத்த மார்ச்சில், அதுவும் தற்செயலாக. வேறொருவருக்காக அதே வொப்பிங் கோவிலின் பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கண் நின்றது. ஹன்னா, தகப்பன் தாமஸ், கயிறு திரிப்பவர், தாய் ஆன். விலாசமும் அதே ஒழுங்கை. முதல் ஹன்னாவை அடக்கம் செய்து பதினொரு மாதத்துக்குப் பிறகு. ஓரத்தில் எழுதுவினைஞர் சின்னதாகக் குறித்திருந்தார்: “இந்தப் பெயரில் இரண்டாவது.”

இயந்திரத்தை அணைத்தேன். பிறகு மிஸிஸ் கிரேடியின் கோப்பை எடுத்தேன். அவர் அனுப்பிய ஒன்பது பிள்ளைகளின் பட்டியலில் மேரி என்று இரண்டு தடவை இருந்தது. அதில் ஒன்றைப் பென்சிலால் வெட்டியிருந்தது. வெட்டியது நான். தட்டச்சுப் பிழை என்று நினைத்துச் சுத்தமான பட்டியலில் எட்டுப் பேராக எழுதி அனுப்பியிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா குசினித் தொட்டியில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“அம்மா, செத்த பிள்ளையின்ர பேரை அடுத்த பிள்ளைக்கு ஆரும் வைப்பினமோ?”

“சீ! வாயைக் கழுவு. தவக்காலத்தில கதைக்கிற கதையே இது?”

“இஞ்ச வைச்சிருக்கினம் அம்மா. முந்தி. கோவில் புத்தகத்தில கிடக்கு.”

அம்மா மீனைத் திரும்பவும் கழுவினார். தண்ணீரை மூன்று தடவை மாற்றினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அந்த மனிசிக்கு அந்தப் பேரைக் கூப்பிட ஆசையாக்கும். எங்களுக்கு அந்தத் துணிவு வரேல்லை.”

மறுநாள் மிஸ்டர் பெல்லிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, இரண்டு பதிவுகளையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, நான் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். பிறகு, “விட்டுவிடு” என்றார்.

“கல்லில் வெட்டப் போகிறார்களே.”

“அவர் நன்றி சொல்லி எழுதிவிட்டார். சந்தோசமாக இருக்கிறார். செத்தவர்கள் முறைப்பாடு கொடுப்பதில்லை.”

நான் மூன்று நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு பெண்ணுக்குப் பிழையான தாயைக் கொடுத்தேன், ஒரு பிள்ளையைப் பென்சிலால் அழித்தேன் என்று தொடங்கினால், கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவாமியார் பொலிசைக் கூப்பிட்டிருப்பார். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். என்னை வருத்தியது ஹன்னா மட்டுமில்லை. சின்னம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. பிழை என்று நானே வாயைத் திறந்தால், எழுத்து எனக்கு விளங்கவில்லை என்றல்லவா ஆகிவிடும்?

ஆனால் எழுத்து விளங்கியது. விளங்காமல் போனது அந்த வீட்டுத் தாய். அது வேறு பிழை. அப்படி யோசித்த பிறகு, ஒரு புதன்கிழமை பின்னேரம் வீட்டுத் தொலைபேசியில் ஒஹாயோவுக்கு எண்ணைச் சுழற்றினேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அமெரிக்காவுக்கோ? அங்க ஆர் எங்களுக்கு?”

“ஒருதரும் இல்லை அப்பா. நான் விட்ட பிழை ஒண்டு இருக்கு.”

அப்பா தொலைக்காட்சியை முழுவதும் அணைத்துவிட்டார். அதுதான் பெரிய கஷ்டம். எனக்கு அந்தச் சத்தம் தேவைப்பட்டது.

மிஸிஸ் கிரேடியின் குரல் நான் நினைத்ததைவிடக் கிழடு. என் பெயரைச் சொன்னதும் சந்தோசப்பட்டார். விசயத்தையும் சொன்னேன். “இப்போது நிச்சயமா?” என்று கேட்டார்.

“நிச்சயம்.”

“போன தடவையும் நிச்சயம் என்றுதானே எழுதியிருந்தாய்.”

அவரே தொடர்ந்தார்.

“மேரி இரண்டு பேர். எங்கள் தாளில் இரண்டும் தெளிவாக இருக்கிறது. நீ ஒன்றை எடுத்துவிட்டாய். லண்டனில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று நானும் எடுத்துவிட்டேன். என் தங்கை வேண்டாம் என்று சண்டை பிடித்தாள். இரண்டு மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை.”

“கல்?”

“நிலம் உறைந்து கிடக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகுதான் குழி தோண்டி, கல்லில் எழுத்தையும் வெட்டுவார்கள்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் ஏன் ஹன்னாவைத் தேடுவதை நிறுத்தினாய் என்று கேட்டார். நான் தவிட்டைப் பற்றிச் சொன்னேன். சுளகைப் பற்றிச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் தட்டையான கூடை என்றேன். அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீ எந்த ஊர், பிள்ளை?” என்று கேட்டார். மன்னார் என்றேன். அது எங்கே என்று கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “சரியானதை எழுத்தில் அனுப்பு. இந்தத் தடவை பதிவுகளின் படங்களையும் சேர்த்து அனுப்பு, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நியாயம்தான்.

அனுப்பினேன். தாமஸும் ஆனும் கலியாணம் செய்த பதிவையும் தேடி எடுத்தேன். தாமஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனுக்கு எழுதத் தெரியாது, குறுக்கும் நெடுக்குமாக ஒரு புள்ளடி கீறியிருந்தாள். பேனையை அழுத்திப் பிடித்ததில் ஒரு கோடு தாளைக் கிழித்துவிட்டது. அவளுடைய கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் அந்தப் புள்ளடிக்குப் பக்கத்தில் எழுதுவினைஞரின் எழுத்தில் இருந்தது. ஆடி மாதம் ஒரு புகைப்படம் வந்தது. சாம்பல் நிறக் கல், பின்பக்கத்தில் ஒன்பது பெயர்கள், இரண்டு மேரி. கல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஆனால் ஒரே படத்தில் நின்றார்கள்.

மிஸ்டர் பெல் கோபிக்கவில்லை. என்னிடம் இருந்து கையெழுத்தை மட்டும் எடுத்துவிட்டார். ஏழு மாதம் என் அறிக்கைகள் அவருடைய பெயரில் போயின. சின்னம்மாவுக்குச் செய்தி எப்படிப் போனது என்று தெரியாது, எங்கள் குடும்பத்தில் செய்திக்குக் கால் வேண்டாம். “நான் அப்பவே சொன்னனான்” என்று தொலைபேசியில் தொடங்கினார். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, “அவள் தானாத்தானே கண்டுபிடிச்சவள். நீ விட்ட பிழையை எப்பயாவது நீயே சொன்னனீயே?” என்று கேட்டு வைத்துவிட்டார். அம்மா எனக்காகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதுவரை நான் யாரிடமும் சொல்லாத பகுதி இனித்தான். இரண்டாவது ஹன்னாவைக் கண்ட அந்த வாரமே எனக்கு ஒரு யோசனை வந்தது. அதே காரணத்துக்காக, அதாவது பிள்ளை செத்துவிட்டது என்று, நான் வேறு எத்தனை கோப்புகளை மூடியிருப்பேன்? பிரதிகளைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு. திருத்தம் ஒஹாயோவுக்குப் போன பிறகு மிஸ்டர் பெல்லிடம் கேட்டேன். “ஒரு திருத்தம் என்றால் நேர்மை. ஐந்து திருத்தம் என்றால் எங்களிடம் யார் வருவார்கள்?” என்றார். கையெழுத்தை இழந்திருந்த நேரம். நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, வேலையை விட்டேன். நாலு வருடம் அந்த நாலு கோப்பும் அந்த அலுமாரியிலேயே கிடந்தன.

சென்ற வாரம் கந்தோர் வாசலில் குப்பைக்கென்று ஒரு பெரிய இரும்புத் தொட்டி நின்றது. சீட்டுகள், அட்டவணைகள், மிஸ்டர் பெல் முப்பது வருடம் சேர்த்த கடிதங்கள் எல்லாம் அதற்குள். இனி அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்பார்களாம். பன்னிரண்டு பக்கக் கடிதம் எழுதுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். இப்போது எல்லாம் கணினித் தட்டில் வருகிறது. பெயரை அடித்தால் ஒரு நொடியில் பட்டியல் விழும். யாரும் ஓரக்குறிப்பைப் பார்க்கப் போவதில்லை. வொப்பிங்கில் கயிறு திரித்த ஒழுங்கையையும் ஒருநாள் போய்த் தேடினேன். கண்ணாடி மாடிகள் நிற்கின்றன, ஒழுங்கை இல்லை. மிஸிஸ் கிரேடி இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். அவருடைய தங்கைதான் எழுதியிருந்தார்.

மிஸ்டர் பெல் தேநீர் போடப் போன நேரத்தில் அலுமாரியைத் திறந்து நான்கு கோப்புகளையும் எடுத்தேன். ஒளித்து எடுக்கவில்லை. அவர் வந்ததும் காட்டினேன். அவர் தலைப்புகளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, “இப்போது உன் பெயரில் எழுதலாம். என் பெயரில்தான் இனி எதுவும் இல்லையே” என்றார்.

இந்தச் சனிக்கிழமை பிலிம் இருக்கும் வாசிகசாலைக்குப் போய் நான்கையும் திரும்பத் தேடினேன். ஒருத்தி உண்மையாகவே இரண்டு வயதில் செத்தவள், அவளுக்குப் பிறகு அந்தப் பெயரில் யாரும் இல்லை. இரண்டு பேருக்கு அதே பெயரில் தங்கைகள் இருந்தார்கள். ஒருத்தியைப் பற்றி இன்னும் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினேன். விலாசங்கள் பழையவை. எழுதிக் கேட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களோ தெரியாது. நேற்றுக் காலை, முதல் தபாலுக்கு முன்பே, நான்கு கடிதங்களையும் என் முழுப்பெயரில் கையெழுத்திட்டு மோர்டன் தபாலகத்தில் போட்டுவிட்டேன்.